ஏசியில் கேஸ் தீரவில்லை, கூலிங் காயில் உறைகிறது

மேடவாக்கத்தில் இருக்கும் ஒரு வாசகி மூன்று பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். பெயர் போட வேண்டாம் என்றார், போடவில்லை. காரின் கம்பெனியையும் விட்டுவிடுகிறேன், இது எந்தக் காருக்கும் வரக்கூடியதுதான். விஷயம் இது: ஒன்பது வயதான பெட்ரோல் ஹேட்ச்பேக், குமிழைத் திருப்பும் சாதாரண ஏசி. தினமும் அண்ணா நகர் அலுவலகத்துக்கு ஓட்டிப் போகிறார், வேளச்சேரி, கிண்டி, கத்திப்பாரா, அப்புறம் நூறடி ரோடு. கிளம்பும்போது ஏசி ஜில்லென்று இருக்கிறது. வடபழனி வருவதற்குள் காற்று மெலிந்துவிடுகிறது. ப்ளோயரை நான்கில் வைத்தாலும் சத்தம்தான் வருகிறது, காற்று வருவதில்லை. ஏசியை அணைத்துக் கால் மணி நேரம் ஓட்டிவிட்டு மறுபடி போட்டால் ஒன்றுமே நடக்காத மாதிரி வேலை செய்கிறது. அலுவலகத்தில் போய் நிறுத்தினால் காருக்கு அடியில் குளம்.

இதற்காக ஒரு வருடத்துக்குள் மூன்று முறை கேஸ் போட்டிருக்கிறார், இரண்டு வெவ்வேறு கடைகளில், மொத்தம் ஆறாயிரத்துச் சொச்சம். இப்போது இரண்டாவது கடைக்காரர் கம்ப்ரெஸர் வீக் ஆகிவிட்டது, இருபத்தெட்டாயிரம் ஆகும் என்கிறார். அபார்ட்மென்ட் டிரைவர் ஒருவர் அழைத்து வந்த ஆள், சென்சாரை பைபாஸ் பண்ணிவிடலாம், ஐந்நூறு ரூபாயில் முடியும் என்கிறார். காரின் கம்ப்யூட்டரைப் படிக்கும் ஸ்கேனர் போட்டுப் பார்த்ததில் எந்தக் கோடும் (கோளாறைச் சொல்லும் எண்) வரவில்லை. டேஷ்போர்டில் வெளி வெப்பநிலை ஒழுங்காகக் காட்டுகிறது, அதனால் சென்சாரில் கோளாறு இருக்க முடியாது என்று வாசகி நினைக்கிறார். கம்ப்ரெஸரை மாற்றலாமா, பைபாஸ் செய்யலாமா, இல்லை காரையே கொடுத்துவிடலாமா என்பது கேள்வி. கூடவே இன்னொன்று: வீட்டுக்காரர் வெளிநாட்டில், கடையில் நான் எது கேட்டாலும் "உங்களுக்குப் புரியாதும்மா" என்கிறார்கள், இவர்கள்மேல் ஏதாவது புகார் கொடுக்க முடியுமா?

சகோதரி, உங்களுக்குப் புரியாது என்று சொன்னவர்கள் உங்கள் கடிதத்தைப் படித்திருக்க வேண்டும். கடைசிப் பக்கத்தில் போகிற போக்கில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறீர்கள். ஒன்று, "மத்தியானத்தைவிட ராத்திரி திரும்பி வரும்போதுதான் சீக்கிரம் காற்று நிற்கிறது, இது எனக்கு விசித்திரமாக இருக்கிறது." இரண்டு, "முன்பெல்லாம் ஏசி ஓடும்போது அவ்வப்போது டக் என்று ஒரு சத்தம் வரும், வண்டி லேசாக இழுக்கும், விடும். இப்போது அது இல்லை, அந்த வகையில் நல்லதுதான்." மூன்று, "14 மாதம் முன்பு கூலிங் காயில் ஓட்டை என்று புதிது மாற்றினோம்." இருபத்தாறு வருடமாகக் கார் ஏசி பார்க்கிறேன். இந்த மூன்று வரியை ஒருவர் என் பட்டறை வாசலில் நின்று சொன்னால் கேஸின் அழுத்தம் பார்க்கும் கேஜை எடுக்கவே மாட்டேன், நேராக டார்ச் லைட்டைத்தான் எடுப்பேன்.

உங்கள் காரில் கூலிங் காயில் ஐஸ் கட்டுகிறது. ஐஸ் கட்டுவதைத் தடுக்க வேண்டிய சென்சார் ஒன்று தன் வேலையைச் செய்யவில்லை. நேரில் பார்க்காமல் முழு உறுதி சொல்ல முடியாது, ஆனால் பந்தயம் என்றால் என் பணம் அதன்மேல்தான்.

அது எப்படி நடக்கிறது என்று சொல்லிவிடுகிறேன், இது தெரிந்தால் அடுத்த கடையில் உங்களை யாரும் சுற்றவிட முடியாது. டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டி, அதற்குள் சின்ன ரேடியேட்டர் மாதிரி அலுமினிய ஃபின்கள் நெருக்கமாக அடுக்கிய காயில். கேஸ் அதற்குள் ஆவியாகும்போது காயில் குளிர்கிறது, ப்ளோயர் அதன் வழியே காற்றைத் தள்ளுகிறது. நம் ஊர்க் காற்றில் ஈரத்துக்குப் பஞ்சமில்லை, அந்த ஈரம் ஃபின்களில் தண்ணீராகி டியூப் வழியே ரோட்டில் சொட்டும். அதுவரை சரி. ஆனால் ஃபின் பூஜ்யம் டிகிரிக்குக் கீழே போனால் அந்தத் தண்ணீர் சொட்டாது, அங்கேயே உறையும். பழைய ஃப்ரிட்ஜ் ஃப்ரீசரில் பார்த்திருப்பீர்களே, அதே மாதிரி வெள்ளையாக ஏறிக்கொண்டே போய் ஃபின்களுக்கு நடுவே இருக்கும் வழியை அடைத்துவிடும். அப்புறம் ப்ளோயர் சுவரைப் பார்த்து ஊதுகிற கதைதான்.

இது நடக்காமல் இருக்கத்தான் ஃபின்களுக்கு நடுவே ஒரு சென்சாரைச் செருகியிருப்பார்கள். தீக்குச்சியைவிடக் கொஞ்சம் பருமன், பின்னால் இரண்டு வயர். காயில் ஒன்று இரண்டு டிகிரிக்கு இறங்கியதும் கம்ப்ரெஸரை நிறுத்தச் சொல்லும், நான்கைந்துக்கு ஏறியதும் மறுபடி ஓட்டச் சொல்லும். கணக்கு காருக்குக் கார் கொஞ்சம் மாறும். நீங்கள் முன்பு கேட்ட அந்த டக் சத்தம், கம்ப்ரெஸரை இன்ஜினோடு சேர்க்கும் கிளட்ச் ஒட்டுவதும் விடுவதும். அது நின்றது நல்லதில்லை. கம்ப்ரெஸர் ஓய்வே இல்லாமல் ஓடுகிறது என்று அர்த்தம்.

ராத்திரி ஏன் மோசம் என்பதும் இதில் அடக்கம். மத்தியான வெயிலில் உள்ளே வரும் சூடே காயிலை உறைய விடாமல் காப்பாற்றிவிடுகிறது. ராத்திரி வெளியே சூடு குறைவு, நீங்களும் ப்ளோயரை ஒன்றில் வைத்துவிடுவீர்கள், உள்காற்றே சுற்றிச் சுற்றி வருகிறது, காயிலுக்கு வேலை இல்லை, மடமடவென்று உறைகிறது. இதே கோளாறு, கேஸின் சூட்டை வெளியே விடும் கண்டென்சரின் அடைப்பாலோ தேய்ந்த கம்ப்ரெஸராலோ இருந்தால் தலைகீழாக இருக்கும்: அக்னி நட்சத்திரத்து மதியத்தில் கத்திப்பாரா சிக்னலில் திணறும், ராத்திரி ஈசிஆரில் சுகமாக இருக்கும். அதிலும் காற்றின் அளவு குறையாது, குளிர்ச்சிதான் குறையும். காற்று முழுசாக வந்து சூடாக இருப்பது வேறு வியாதி, காற்றே வராமல் போவது வேறு வியாதி. உங்களிடம் மூன்று முறை பணம் வாங்கியவர்கள் இந்த ஒரு கேள்வியைக் கேட்கவில்லை.

நீங்கள் நம்பியிருக்கும் சில விஷயங்கள்

"வருஷா வருஷம் கேஸ் போடத்தானே வேண்டும்" என்று எழுதியிருக்கிறீர்கள். வேண்டாம். கேஸ் பெட்ரோல் இல்லை, எரிந்து தீராது. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வரும், உங்கள் வீட்டு ஃப்ரிட்ஜுக்கு எத்தனை தடவை கேஸ் போட்டீர்கள்? கார் அதிர்கிற வண்டி, ரப்பர் ஹோஸ் இருக்கிறது, அதனால் பல வருடத்தில் கொஞ்சம் கசியும், ஒப்புக்கொள்கிறேன். நான்கு மாதத்தில் குறைந்தால் அது லீக், லீக்கைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுகிறவர் உங்கள் பணத்தைக் காற்றில் விடுகிறார். அதோடு உங்கள் காரில் கேஸ் குறைந்ததற்கு ஒரு ஆதாரமும் கடிதத்தில் இல்லை. ஒவ்வொரு முறையும் கேஸ் போட்டதும் சரியானது என்கிறீர்கள். கேஸ் போடுகிற ஒரு மணி நேரத்தில் காயிலில் இருந்த ஐஸ் உருகிவிட்டது, அதனால் சரியானது! வண்டியைப் பட்டறையில் சும்மா நிறுத்தி வைத்திருந்தாலும் சரியாகியிருக்கும்.

இன்னொன்று, கேஜில் முள் எங்கே நின்றது என்று காட்டினார்கள் என்கிறீர்கள். இன்ஜின் ஓடாமல் நிற்கும்போது ஆர்-134ஏ கேஸின் அழுத்தம் வெளி வெப்பநிலையைப் பொறுத்தது. 30 டிகிரியில் ஏறக்குறைய 97 பிஎஸ்ஐ காட்டும், உள்ளே 200 கிராம் இருந்தாலும் சரி, 450 கிராம் இருந்தாலும் சரி, கொஞ்சம் திரவம் மிச்சம் இருக்கும் வரை அதேதான். சமையல் சிலிண்டரில் எவ்வளவு மிச்சம் என்று தூக்கிப் பார்த்துத்தானே சொல்கிறோம்? இதுவும் எடைக் கணக்குதான். பானெட்டுக்கு அடியில் ஒரு ஸ்டிக்கரில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். மூன்று முறை கண்ணளவில் ஏற்றியதில் இப்போது அளவுக்கு மேல் இருக்கவும் வாய்ப்பு உண்டு, அது கம்ப்ரெஸருக்குக் கெடுதல்.

அடுத்து டேஷ்போர்டில் காட்டும் வெளி வெப்பநிலை. அது வேறு சென்சார், முன் பம்பருக்குப் பின்னால் தொங்கும். காயில் சென்சாருக்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது. பம்பர் சென்சார் கெட்டால் வேறு நாடகம். ஒரு மே மாதம் ஒருவர் வண்டியைக் கொண்டுவந்தார், ஏசி ஓடவே இல்லை, டேஷ்போர்டில் மைனஸ் 40 டிகிரி. சென்னையில்! பம்பரைக் கழற்றினால் எலி வயரைக் கடித்து வைத்திருக்கிறது. இந்த சென்சார்கள் பெரும்பாலும் குளிரக் குளிர மின்தடை ஏறும் வகை. வயர் அறுந்தால் தடை எல்லையே இல்லாமல் ஏறிவிடும், கம்ப்யூட்டர் அதைத் துருவப் பிரதேசக் குளிர் என்று எடுத்துக்கொண்டு, இந்தக் குளிரில் யாருக்கய்யா ஏசி என்று கம்ப்ரெஸரைப் பூட்டிவிடும். பெசன்ட் நகர், திருவான்மியூர் பக்கம் உப்புக் காற்றில் நிற்கும் வண்டிகளில் வயர் இணையும் கப்ளரில் பச்சை பிடிக்கும், அங்கேயும் இதே கதைதான் சின்ன அளவில்: கூடுதல் தடை, கூடுதல் குளிராகத் தெரியும், ஏசி அடிக்கடி கட் ஆகும். உங்களுக்கு நடப்பது இதற்கு நேர் எதிர். உங்கள் சென்சார் காயிலை உண்மையைவிடச் சூடாகக் காட்டுகிறது.

ஸ்கேனரில் கோடு வராததும் அதனால்தான். வயர் அறுந்தால், ஷார்ட் ஆனால், நடக்கவே முடியாத எண் வந்தால் ஸ்கேனர் சொல்லும். காயில் மைனஸ் இரண்டில் இருக்கும்போது சென்சார் ஏழு டிகிரி என்று சாதாரணமாகப் பொய் சொன்னால் ஸ்கேனர் நம்பிவிடும், ஏழு டிகிரி நடக்கக்கூடிய எண்தானே. கோடு பார்க்காமல் லைவ் டேட்டா, அதாவது சென்சார் அந்தந்த நொடியில் சொல்லும் எண்ணைப் பார்க்க வேண்டும், அதைப் பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் பொறுமை வேண்டும்.

சரி, சென்சார் ஏன் பொய் சொல்கிறது? இங்கேதான் அந்த 14 மாதக் கணக்கு. காயில் மாற்றும்போது பழைய காயிலிலிருந்து சென்சாரை உருவி, புதியதில் அதே இடத்தில், அதே ஆழத்துக்குச் செருக வேண்டும். எந்த ஃபின், மேலிருந்து எத்தனை அங்குலம் என்பதெல்லாம் முக்கியம், காயிலில் மிகவும் குளிரும் இடம் பார்த்துத்தான் கம்பெனிக்காரன் வைத்திருப்பான். அவசரத்தில் ஏதோ ஓர் இடத்தில் நுனியை மட்டும் செருகிவிட்டுப் பெட்டியை மூடினால், நாலு வேகத்தடையில் அது நழுவிக் காற்றில் தொங்கும். அப்புறம் அது அளப்பது பெட்டிக்குள் இருக்கும் காற்றை, ஃபினை இல்லை. சென்சார் நல்ல சென்சார்தான், நிற்கும் இடம்தான் தப்பு.

இதை இவ்வளவு விவரமாகச் சொல்ல ஒரு காரணம் இருக்கிறது. தொழிலுக்கு வந்த நான்காவது வருடம் நானே ஒருவருக்கு இதே கோளாறுக்குக் கம்ப்ரெஸர் மாற்றிக் கொடுத்தேன். பத்து நாளில் திரும்பி வந்தார். என் முதலாளி க்ளவ் பாக்ஸைக் கழற்றி, கையை விட்டு, வயரோடு தொங்கிய சென்சாரை இரண்டு விரலில் பிடித்து என் முகத்துக்கு நேரே காட்டினார், ஒன்றும் பேசவில்லை. கூலியைத் திருப்பிக் கொடுத்தோம். கம்ப்ரெஸர் பணத்தைத் தவணையில் என் சம்பளத்தில் பிடித்தார்.

வீட்டிலேயே செய்து பார்க்க

ஒரு ராத்திரி, சாப்பாடு முடிந்ததும், வண்டியைத் திறந்த இடத்தில் நிறுத்துங்கள். மூடிய பேஸ்மென்டில் வேண்டாம், இன்ஜின் புகை ஆபத்து. ஜன்னல் மூடி, ஏசியை முழுக் குளிரில் வைத்து, ப்ளோயர் ஒன்று, உள்காற்று சுற்றும் பட்டன் ஆன். மீன் தொட்டிக்கு விற்பார்களே ஒயரோடு ஒரு சின்ன டிஜிட்டல் தெர்மாமீட்டர், நூற்றைம்பது ரூபாய் இருக்கும், அதன் நுனியை நடு வென்ட்டுக்குள் விட்டுவிடுங்கள். ஒருவரை பானெட் பக்கம் நிற்கச் சொல்லுங்கள். நல்ல வண்டியில் எண் இறங்கி எங்காவது ஐந்து, ஆறு, ஏழில் நின்று ஊசலாடும், பத்துப் பதினைந்து நிமிடத்துக்குள் டக் சத்தம் கேட்க ஆரம்பிக்கும். உங்கள் வண்டியில் எண் மூன்று, இரண்டு, ஒன்று என்று இறங்கிக்கொண்டே போய், டக் சத்தம் வராமலே காற்று மெலிந்தால், பதில் கிடைத்துவிட்டது. அந்தத் தெர்மாமீட்டர் எண்ணைக் கைபேசியில் வீடியோ எடுங்கள், நேரம் தெரியும்படி. பிறகு ஏசியை மட்டும் அணைத்து ப்ளோயரை நான்கில் வையுங்கள். காற்று படிப்படியாகத் திரும்பி வருவதையும், வண்டிக்கு அடியில் தண்ணீர் கொட்டுவதையும் எடுங்கள். (சில புதிய கார்களில் கம்ப்ரெஸர் வேகத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் வகை, அதில் டக் சத்தமே இருக்காது. உங்களுடையதில் முன்பு இருந்தது என்பதால் பிரச்சினை இல்லை.)

அதற்கு முன்னால் ஒரே ஒரு வேலை: க்ளவ் பாக்ஸுக்குப் பின்னால் கேபின் ஃபில்டர் இருக்கிறதா பாருங்கள். தூசியும் வேப்பிலைச் சருகும் அடைத்துக் கறுத்துப்போயிருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். காற்று குறைந்தாலும் காயில் உறையும், அதையும் சென்சார் தலையில் கட்டக் கூடாது. கேஸ் கொஞ்சமாகக் குறைந்தாலும் காயிலின் ஒரு ஓரம் உறையும். ஆனால் நல்ல சென்சார் இருந்தால் இரண்டிலும் கம்ப்ரெஸரை நிறுத்தியிருக்கும். இப்படி ஒரே அடியாக ஓட விட்டிருக்காது.

பட்டறையில் செய்ய வேண்டியது

முதலில் டார்ச். க்ளவ் பாக்ஸைக் கழற்றினால் பல வண்டிகளில் சென்சார் வயர் பெட்டிக்குள் நுழையும் இடம் தெரியும், சிலதில் டேஷ்போர்டையே இறக்க வேண்டியிருக்கும். அதில்தான் கூலி ஏறும், சென்சார் விலை சில நூறுதான், போனால் ஆயிரத்துச் சொச்சம். சென்சாரை வெளியே எடுத்ததும் அது நல்லதா கெட்டதா என்று பார்க்க ஒரு ஸ்டீல் டம்ளரும் ஐஸும் மல்டிமீட்டரும் போதும். டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ், முழுகும் அளவுக்குத் தண்ணீர், கரண்டியால் நன்றாகக் கலக்கினால் அது பூஜ்யம் டிகிரி, யாரும் மறுக்க முடியாது. சென்சார் நுனி டம்ளரின் சுவரில் படாமல் நடுவில் முங்கியிருக்க வேண்டும். மல்டிமீட்டரைக் கிலோ ஓம் அளவில் வைத்து இரண்டு நிமிடம் பொறுங்கள். 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் ஒரு வகை சென்சார் ஐஸில் 32, 33 வரைக்கும் ஏறும். எல்லாக் காரும் அந்த வகை இல்லை, சிலதில் எண்கள் இதில் பாதிகூட இருக்காது, அதனால் உங்கள் காரின் அட்டவணையோடுதான் ஒப்பிட வேண்டும். அட்டவணை இல்லையா, புது சென்சார் ஒன்றை வாங்கி, பழையதையும் புதியதையும் ஒரே டம்ளரில் போட்டு இரண்டு எண்ணையும் பாருங்கள். நான் இன்றைக்கும் அப்படித்தான் செய்கிறேன். டம்ளரிலிருந்து எடுத்து உள்ளங்கையில் மூடினால் எண் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும். நடுவில் துள்ளினால், வயரை ஆட்டும்போது குதித்தால், தூக்கிப் போட்டுவிடலாம்.

சென்சார் நன்றாக இருந்தால் சரியான இடத்தில், சரியான ஆழத்தில் செருகிக் கிளிப் போட்டு மூடுவதோடு சரி. மாற்றுவதாக இருந்தால் கார் உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் புதியதாக வாங்குங்கள். பழைய சாமான் விற்கும் புதுப்பேட்டையில் கதவு, கண்ணாடி, லைட் எல்லாம் நானும் வாங்குவேன். டேஷ்போர்டை இறக்கிப் போட வேண்டிய சாமானை மட்டும் பழையதில் வாங்க மாட்டேன், மறுபடி இறக்குகிற கூலி யார் கொடுப்பது?

சென்சார் வேலை முடிந்ததும், உள்ளே இருக்கும் கேஸை மெஷினில் இழுத்து எடை பார்த்து, ஸ்டிக்கரில் சொன்ன அளவுக்கு ஏற்றச் சொல்லுங்கள். இது மட்டும் கேஸுக்கு நீங்கள் கொடுக்கும் நியாயமான காசு. எடுக்கும் கேஸைக் காற்றில் திறந்துவிடுகிற கடையாக இருந்தால் வேறு கடை பாருங்கள், ஒரு கிலோ ஆர்-134ஏ புவி வெப்பத்துக்குச் செய்யும் கெடுதல் 1,430 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

அந்த ஐந்நூறு ரூபாய் பைபாஸ்

வேண்டவே வேண்டாம். அவர் செய்யப்போவது, சென்சார் வயரை வெட்டி அந்த இடத்தில் ஒரு ரெசிஸ்டரை வைத்து முறுக்கி டேப் சுற்றுவது. ரெசிஸ்டர் எப்போதும் ஒரே எண்ணைச் சொல்லும், கம்ப்யூட்டருக்குக் காயில் என்றென்றைக்கும் பத்து டிகிரி. ஏசியே ஓடாத வண்டிக்கு அது ஓடவைக்கும் தந்திரம். உங்கள் வண்டியில் ஏற்கெனவே நிற்காமல் ஓடுவதுதான் பிரச்சினை, அதை நிரந்தரமாக்கக் காசு கொடுப்பீர்களா? ஐஸ் கட்டிய காயிலில் கேஸ் முழுசாக ஆவியாகாது, திரவமாகவே கம்ப்ரெஸருக்குத் திரும்பும். கம்ப்ரெஸர் ஆவியை அழுத்தச் செய்த இயந்திரம், திரவத்தை அழுத்த முடியாது, வால்வு போகும், ஆயிலைக் கழுவிவிடும். இன்றைக்கு உங்கள் கம்ப்ரெஸர் நன்றாக இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன், முதல் முக்கால் மணி நேரம் காயிலை உறைய வைக்கும் அளவுக்குக் குளிர்விக்கிறதே, வீக்கான கம்ப்ரெஸர் எங்கே உறைய வைக்கும். ஆனால் இதே நிலையில் மாதக்கணக்கில் ஓட்டினால் அந்த இருபத்தெட்டாயிரம் நிஜமாகவே வந்து நிற்கும்.

சரிசெய்யும் வரைக்கும் ஓட்டலாம். ப்ளோயரை மூன்றுக்குக் குறையாமல் வையுங்கள், குளிர்க் குமிழைக் கடைசி வரை திருப்ப வேண்டாம், இருபது நிமிடத்துக்கு ஒரு முறை ஏசி பட்டனை மட்டும் அணைத்து மூன்று நிமிடம் வெறும் ப்ளோயரை ஓடவிடுங்கள், சிக்னலில் நிற்கும்போது செய்தால் போதும். மழை நாளில் கவனம். காயில் அடைத்துக்கொண்டால் முன் கண்ணாடிக்கும் காற்று போகாது, வேளச்சேரி பாலத்தின்மேல் மழையில் கண்ணாடி ஆவி மூடினால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அப்போது ஏசியை அணைத்து, வெளிக்காற்றைத் திறந்து, ஜன்னலை ஒரு விரல் இறக்கி, ஓரம் கட்டுங்கள்.

காரை விற்பது பற்றி: ஒன்பது வயது வண்டிக்கு ஏசி வேலை செய்யவில்லை என்றால் வாங்குகிறவர் கம்ப்ரெஸர் விலையைக் கழித்துத்தான் கேட்பார். ஒரு சென்சாருக்காக அந்த நஷ்டம் எதற்கு?

பில், புகார், பணம்

நான் வக்கீல் இல்லை. ஆனால் இந்தத் தொழிலில் இரண்டு பக்கமும் நின்றவன் என்ற முறையில் சொல்கிறேன். கம்ப்ரெஸர் மாற்றச் சொன்னவர்மேல் புகாருக்கு இடமில்லை, அவர் யோசனைதான் சொன்னார், நீங்கள் பணம் கொடுக்கவில்லை. கேஸ் போட்டவர்கள் விஷயத்தில் நீங்கள் "கேஸ் போடுங்கள்" என்று கேட்டுப் போனதாக எழுதியிருக்கிறீர்கள், அதனால் அங்கேயும் பிடி கொஞ்சம் தளர்வு. பிடி இருப்பது காயில் மாற்றிய கடையில். சென்சார் தொங்கிக்கொண்டிருந்தால் அது வேலையில் குறை, சந்தேகமில்லை.

அந்தக் கடையில் துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள் என்கிறீர்கள். பத்திரமாக வையுங்கள், ஜிபே செய்த விவரத்தையும். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக்குப் பில் கொடுக்காததே நியாயமற்ற வணிக நடைமுறைகளில் ஒன்றாகச் சொல்லப்பட்டிருக்கிறது, அதனால் பில் இல்லையே என்று நீங்கள் தயங்க வேண்டியதில்லை, தயங்க வேண்டியவர் அவர். முதலில் சண்டை வேண்டாம். வீடியோவை வாட்ஸ்அப்பில் அவருக்கு அனுப்பி, "நீங்கள் காயில் மாற்றிய பிறகு இப்படி ஆகிறது, சென்சார் இடம் சரியாக இருக்கிறதா என்று திறந்து பார்த்துக் கூலி இல்லாமல் சரிசெய்து தர வேண்டும்" என்று எழுதுங்கள். போனில் பேசாதீர்கள், எழுதுங்கள். நான் பார்த்தவரை பாதிப் பேர் இதிலேயே வந்துவிடுவார்கள், டேஷ்போர்டு இறக்கும் கூலி அவருடைய ஆட்களின் நேரம்தானே. மசியவில்லை என்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியலாம். அதற்கும் அசையவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே மனு போடலாம், கொடுத்த தொகை ஐந்து லட்சம் வரை கட்டணம் கிடையாது, வக்கீல் கட்டாயம் இல்லை, ஆன்லைனிலும் போடலாம். பிரச்சினை எழுந்ததிலிருந்து இரண்டு வருடம் கெடு, உங்களுக்கு இன்னும் மாதங்கள் இருக்கின்றன.

ஒன்று மட்டும், புகார் போகும் எண்ணம் இருந்தால் வேறு கடையில் பெட்டியைத் திறப்பதற்கு முன்னால் காயில் மாற்றிய கடைக்காரருக்கு அந்த வாட்ஸ்அப் போயிருக்க வேண்டும், திறக்கும்போது நீங்களும் கூட நின்று சென்சார் எந்த நிலையில் இருக்கிறது என்று தொடுவதற்கு முன் படம் எடுக்க வேண்டும். எடுத்துச் செருகிவிட்ட பிறகு அது எங்கே தொங்கியது என்று யாராலும் நிரூபிக்க முடியாது. இவ்வளவு சொன்ன பிறகும் என் சொந்த அபிப்பிராயம், அந்த ஆறாயிரத்துக்காக ஆணையப் படி ஏறுவதைவிட, இலவசமாகச் சரிசெய்து வாங்குவதில் முனைப்பு காட்டுங்கள். படி ஏறுகிற பொறுமை உங்களுக்கு இருந்தால் நான் தடுக்கவில்லை.

கடைக்குப் போகும்போது "ஏசி சரியில்லை" என்று சொல்லாதீர்கள், அப்படிச் சொன்னால் கேஜைத்தான் கொண்டுவருவார்கள். "காயில் உறைகிறது, கம்ப்ரெஸர் கட் ஆகவில்லை, காயில் சென்சாரின் இடத்தையும் ஓம்ஸையும் பார்க்க வேண்டும், அதற்கு எவ்வளவு, நான் சொல்லாமல் கேஸைத் தொட வேண்டாம்" என்று சொல்லுங்கள். எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள். சென்சார் மாற்றினால் பழையதைக் கையில் கேளுங்கள். காலையில், கடை திறக்கும் நேரத்துக்குப் போங்கள், ஏசி போடாமல் ஓட்டிக்கொண்டு போங்கள், ஐஸ் இல்லாத காயிலில்தான் சென்சார் நுனி தெளிவாகத் தெரியும். பட்டறையில் ஐஸ் இருக்காது, பக்கத்து ஜூஸ் கடையில் பத்து ரூபாய்க்குக் கேட்டால் கொடுப்பார்கள்.